மாமனார் மாடியில் மூன்று கிலோவாட்

பதினோரு வருடம் நான் காலண்டர் ஏஜென்டாக இருந்தேன். சிவகாசியில் அச்சாகும் காலண்டர் மாதிரிகளைத் தடித்த ஆல்பமாகக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் போய் நகைக்கடை, ஜவுளிக்கடை, உரக்கடை என்று ஆர்டர் பிடிக்கிற வேலை. ஆடியில் தொடங்கினால் மார்கழியில் சீசன் முடிந்துவிடும். மீதி மாதங்களில் சும்மா இருப்பேன். நான் சும்மா இருப்பது என் மனைவிக்குப் பிடிக்காது.

"ஆறு மாசம் ஓடுறீக, ஆறு மாசம் ஒக்காந்திருக்கீக. ஒக்காந்திருக்கிற மாசத்துக்கும் ஒரு வேலை பாருங்க" என்றாள்.

அப்படித்தான் வெயில் விற்கப் போனேன். வீட்டு மாடியில் சோலார் பேனல் போட்டுத் தரும் ஒரு கம்பெனிக்கு விருதுநகர் மாவட்டத்து ஆர்டர் பிடிக்கிற ஆள் நான். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இங்கே வெயில் எதற்காவது பயன்படும் என்று சொன்னாலே ஆட்கள் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அது அவர்களுக்குச் சும்மா கிடைத்து, வேண்டாம் என்றாலும் போகாத சாமான்.

பழைய ஆல்பத்தில் இருந்த காலண்டர் படங்களை உருவிவிட்டு அதே உறைகளில் பேனல் படங்களைச் செருகிக்கொண்டேன். பையும் பழைய பைதான், வாடிக்கைக்காரர்களும் பழைய ஆட்கள்தான். அதுதான் வினையாகப் போயிற்று. சாத்தூரில் சேவுக்கடை வைத்திருப்பவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே கருப்பா இருக்கே. வேற டிசைன் இல்லையா?"

"இது இப்படித்தான் அண்ணாச்சி வரும்."

"சரி, கீழ நம்ம கடை பேரு போட்டுத் தருவீகள்ல? நடுவுல முருகன், ரெண்டு பக்கமும் போன் நம்பரு."

முருகன் நடுவில் நின்றால் கரண்ட் நின்றுவிடும் என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ஓரத்தில் வேல் மட்டுமாவது போட முடியுமா என்று கேட்டார். அந்த ஆர்டர் இன்னும் அந்த வேலில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

விலை குறைவது இன்னொரு தலைவலி. பேனல் விலை இறங்கிக்கொண்டே வந்தது. வேறு வியாபாரத்தில் அது நல்ல செய்தி. இங்கே என் பிழைப்பில் மண் போட்டது அதுதான். "போன தடவை வந்தப்ப கூடச் சொன்னீக, இப்ப குறைச்சுச் சொல்றீக. அப்ப அடுத்த தடவை இன்னும் குறையும்ல?" என்பார்கள். குறையலாம் என்பேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதனால்தான் இன்னும் டிவிஎஸ் ஃபிப்டியில் போகிறேன். "அப்ப அடுத்த தடவை வாங்க" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை இன்னும் ஒரு படி மேலே போனார். "பேனலுக்குத் தீபாவளி என்னைக்கு? சொல்லுங்க, மறுநாள் வந்து எடுத்துக்கிறேன்" என்றார். தீபாவளிக்கு மறுநாள் பட்டாசு பாதி விலைக்குப் போகும்; அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நானும் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அதைப் பற்றி யோசித்தேன்.

இதற்கெல்லாம் தலையாட்டிய ஒன்றிரண்டு பேரை வங்கிக் கடனுக்குக் கூட்டிப் போனேன். கடன் சுலபம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. சுலபம்தான். ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளில் மின் இணைப்பு தாத்தா பேரில் இருக்கும், வீட்டுவரி ரசீது அப்பா பேரில் இருக்கும், குடியிருப்பவர் மகனாக இருப்பார். மூன்று பேரில் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான், அவர் பேரில் எந்தக் காகிதமும் இருக்காது. மேனேஜர் பொறுமையாக, "மத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தோம்.

கம்பெனிக்காரர்களோ மாதம் ஒரு புது மாடல் அனுப்பினார்கள். பாதி பாதியாக வெட்டிய செல் என்பார்கள். நிழல் விழுந்தாலும் முழுதாகப் படுத்துவிடாத பேனல் என்பார்கள். நான் ஒன்றை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் அது பழைய மாடலாகிவிடும். கடைசியாக வந்தது மேலும் கீழும் இரண்டு பக்கத்திலும் வெளிச்சம் பிடிக்கிற பேனல். அதை நான் என் மாமனாரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் நிதானமாக, "கீழ எந்தச் சூரியன் இருக்கு மாப்ளை?" என்று கேட்டார். தரையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

ஒரு வருடம் அலைந்தும் ஒரு வீடுகூட ஆர்டராக விழவில்லை. எங்கள் ஆட்கள் கண்ணால் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார்கள். ஒரு வீட்டில் போட்டுக் காட்டினால்தான் உண்டு என்று ஆனபோது, "எங்க அம்மா வீட்டுல போடுங்க" என்றாள் மனைவி. அவளுக்கு அதில் வேறு கணக்கு இருந்தது.

என் மாமியார் முப்பது வருடம் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுருட்டியவர். வெடிமருந்து புழங்குகிற இடம் என்பதால் அந்த அறைகளில் கரண்ட் கிடையாது, அதனால் மின்விசிறியும் கிடையாது. சித்திரை வைகாசியில் கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு சுருட்டுவார்களாம். எங்கள் கல்யாணத்துக்கு மதுரையில் ஒரு ஏசி ஜவுளிக்கடையில் சேலை எடுத்தோம். சேலை எடுத்து முடித்து, பில் போட்டு, பை கைக்கு வந்த பிறகு அவர் மகளிடம் ரகசியமாக, "இன்னொரு தடவை எல்லாத்தையும் விரிச்சுக் காட்டச் சொல்லு" என்றார். அவருக்கு இந்த உலகத்தில் இருந்த ஆசை ஒன்றுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேர்க்காமல் ஒரு தூக்கம்.

நாரணாபுரத்து வீட்டில் அவருக்காக நாங்கள் ஏசி வாங்கி மாட்டினோம். அவர் அதைத் தொடவே இல்லை. கரண்ட் பில் பயம். நான்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "அத்தை, மாடியில் பேனல் போட்டுருவோம். மத்தியான வெயில்ல வர்ற கரண்ட்லயே ஏசி ஓடிரும். பில்லு ஏறவே ஏறாது."

"நீங்க சொல்றீகன்னு போடுறேன் மாப்ளை. பில்லு ஏறுச்சுன்னா அன்னைக்கே பிடுங்கி வச்சிருவேன், பெறகு வருத்தப்படக் கூடாது" என்றார்.

ஏறாது என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தேன்.

இப்போது மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன். அவர் பொறுப்பில் இருந்தவரை அங்கே ஓர் ஊசிவெடிகூட அவரைக் கேட்காமல் வெடித்ததில்லை என்பார்கள். ஓய்வு பெற்றது கம்பெனியிலிருந்துதான். மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் அவர் வீட்டுச் சமையலறைக்கும் உண்டு. கல்யாணமான முதல் பொங்கலுக்கு நான் ஆசையாகச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தபோது, உள்ளே இருந்தவர்களை எண்ணிவிட்டு, "மாப்ளை, நீங்க அஞ்சு" என்றார். வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன். அந்த வீட்டில் எந்தக் கதவையும் பகலில் சாத்த விடமாட்டார். ஆள் இருக்கிற அறையின் கதவு திறந்தே இருக்க வேண்டும், ஓடுவதற்கு வழி வேண்டும் என்பது அவருடைய வேதம்.

மதுரையிலிருந்து பேனல் மாட்ட நாலு ஃபிட்டர்கள் வந்தார்கள். மாடிப்படி முடிகிற இடத்தில் மாமனார் ஒரு செம்புத் தகட்டை அடித்து வைத்திருந்தார். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையும் முன் உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக அப்படி ஒரு தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

"ஏலே, செருப்ப அங்கன கழட்டுங்க. செல்போன அந்தக் கூடையில போடுங்க. தகட்டத் தொட்டுட்டு ஒவ்வொருத்தரா ஏறுங்க. யாரும் நைலான் சட்டை போட்டிருக்கீகளா?"

ஒருவன் போட்டிருந்தான். அவன் மாமனாரின் கதர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தான். வேலை முடிந்து கம்பெனிக்கு அனுப்ப எடுத்த படத்தில் மூன்று கிலோவாட் பேனலும், அதன் இரு பக்கமும் 'தீ' என்று எழுதிய இரண்டு சிவப்பு மணல் வாளிகளும், தொளதொளவென்று கதர் போட்ட ஒரு ஃபிட்டரும் இருக்கிறார்கள். கம்பெனி அதைத் தன் நோட்டீஸில் போடவில்லை.

ஏசி ஓடிய முதல் மத்தியானம் நான் அங்கே இருந்தேன். மாமியார் கதவைச் சாத்தினார். மாமனார் முகம் சுருங்கியது. மாலையில் மாமியார் போர்வையோடு வெளியே வந்தார். "குளுந்துச்சு மாப்ளை" என்றார். யாரோ ஏதோ விருது கொடுத்த மாதிரி எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பேனல் எவ்வளவு கரண்ட் தருகிறது என்பதைப் போனில் ஒரு கோடாகப் பார்க்கலாம். காலையில் ஏறி, உச்சியில் உயர்ந்து, மாலையில் இறங்கினால் அது நல்ல பேனல். எங்கள் கோடு காலையில் ஒழுங்காக ஏறியது. பதினோரு மணிக்குப் பொத்தென்று கீழே விழுந்தது. மூன்றரை மணிக்குத் திரும்ப எழுந்து, கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டு மறைந்தது. நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஒரு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் அப்படித்தான்.

கம்பெனி என்ஜினியருக்குப் போன் போட்டேன். "மேகமா இருக்கும் சார்" என்றார். சித்திரை மாதத்து நாரணாபுரத்தில் தினமும் பதினோரு மணிக்கு வந்து மூன்றரைக்குக் கிளம்புகிற மேகம் ஒன்று இருந்தால் அதற்கு நாங்கள் எப்போதோ கோயில் கட்டியிருப்போம் என்றேன். ஃபிட்டர்கள் திரும்ப வந்தார்கள். வயரை மாற்றினார்கள், இன்வெர்ட்டரைக் கழற்றி மாட்டினார்கள். எல்லாம் காலை ஒன்பது மணிக்குள். அதற்கு மேல் மாமனார் விடமாட்டார். "வெயில் ஏறிரும், மேல ஆள் இருக்கக் கூடாது" என்று அவர்களை இறக்கிவிடுவார். ஒன்பது மணிக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மாமனாரிடமே கேட்டேன். "மத்தியானத்துல ஏதாவது கோளாறு தெரியுதா மாமா?"

"ஒரு கோளாறும் வராது. நான் மேலதான இருக்கேன்" என்றார். பொறுப்பான மனிதர் என்று நிம்மதியாகப் போய்விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து பில் வந்தது. ஏறியிருந்தது. இதுவரை அந்த வீடு பார்க்காத பில். மனைவி போனில் சொன்னாள்: "அம்மா பிளக்கப் பிடுங்கிருச்சு. ஏசிக்குத் தலகாணி உறை போட்டு மூடிருச்சு. ரிமோட்ட அரிசிப் பானைக்குள்ள வச்சிருச்சு. ஒரு வார்த்தை உங்களத் திட்டல. அதான் எனக்குத் தாங்கல." எனக்கும் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்று ஆனைக்குட்டம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து, உச்சி வெயிலில் வண்டியை விரட்டிக்கொண்டு நாரணாபுரம் போனேன்.

மாமியார் வாசலில் வேப்பமர நிழலில் முறத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க மாப்ளை, சாப்பிட்டீகளா?" என்றார். அதற்குப் பதில் சொல்லாமல் நேராக மாடி ஏறினேன். அவ்வளவு ஆத்திரத்திலும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போனேன்.

மேலே பேனலைக் காணவில்லை. இருந்தது, ஆனால் தெரியவில்லை. ஓரம் விடாமல் ஈரச் சாக்குகள் விரித்திருந்தன. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் கையகல நிழலில் தலையில் துண்டோடு மாமனார் உட்கார்ந்திருந்தார். கையில் செம்பு.

"மாமா, என்ன இது?"

"சாக்கு."

"தெரியுது மாமா. எதுக்கு?"

"வெயில் ஏறிருச்சுல்ல" என்றார், நான்தான் ஏதோ புத்தி பேதலித்து வந்தவன் என்பதுபோல.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய கம்பெனியில் கோடையில் வெயில் உச்சிக்கு வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு, அறைக் கூரைகளின் மேல் ஈரச் சாக்கு விரிப்பார்கள். வாழ்நாள் முழுக்க அதைச் செய்யச் சொன்னவர் அவர்தான்.

"மாமா, இது வெயில்லதான் வேலை செய்யும்."

"காலையில செய்யட்டும், சாயந்தரம் செய்யட்டும். உச்சியில எதுக்கு? எங்க கம்பெனியில உச்சியில மருந்த எவன் தொட்டான்?"

"இதுல மருந்து இல்ல மாமா."

"கரண்டு இருக்குல்ல. அந்த ஓரத்துல கைய வச்சுப் பாருங்க, எம்புட்டுச் சூடுன்னு." செம்பைக் கீழே வைத்தார். "இது நேரா அவ படுக்கிற அறைக்கு மேல இருக்கு. கதவ வேற சாத்திக்கிட்டுப் படுக்கிறா. கதவு சாத்துன அறைக்குள்ள ஆள வச்சுக்கிட்டு மேல சூடேற விட்டா, நான் என்ன ஃபோர்மேன்?"

நான் அவரைத் திட்டுவதற்காக வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். இரண்டு மாதமாக இந்த மனிதர் மனைவி தூங்குகிற நேரமெல்லாம் வெயிலில் உட்கார்ந்து சாக்குக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நான் போனில் கோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மாமியார் பின்னாலேயே ஏறி வந்திருந்தார். முதலில் சாக்குகளைத்தான் பார்த்தார்.

"என் சாக்கெல்லாம் எங்க போச்சுன்னு ரெண்டு மாசமாத் தேடுறேன். பக்கத்து வீட்டுக்காரியச் சந்தேகப்பட்டு அவகூடப் பேச்சே இல்ல."

மாமியார் தொட்டியைப் பார்த்தார், அதன் நிழலைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார்.

"அப்ப நான் உள்ள தூங்குனப்ப எல்லாம் நீங்க இங்கனயா ஒக்காந்திருந்தீக?"

"தொட்டி நெழல் இருக்குல்ல" என்றார் மாமனார்.

மாமியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்குகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டார். கண்ணாடி பளிச்சென்று கண்ணைக் குத்தியது. மாமனார் ஓர் அடி பின்னால் போனார், என்னையும் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"கீழ வாங்க" என்றார் மாமியார். "இன்னைக்கு நீங்களும் உள்ள படுங்க. வெடிச்சா ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

"கதவு?"

"சாத்தித்தான் இருக்கும்."

அரிசிப் பானையிலிருந்து ரிமோட் வந்தது. தலையணை உறை கழன்றது. மாமனார் ஒரு சிவப்பு வாளியைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தரையில் பாய் விரித்து, வாளியின் பிடியில் ஒரு கை வைத்து, மேற்கூரையையே பார்த்தபடி படுத்தார். மாமியார் கதவைச் சாத்தினார். நான் வெளியே முன்னறையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோடு விழவில்லை. ஏறியது. இன்னும் ஏறியது. பிறகு கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஏசிதான் பழுதாகிவிட்டது என்று பதறிக் காதை வைத்துக் கேட்டேன். மாமனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் மாமியார் வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல இவுக பகல்ல கண்ண மூடி நான் பாத்ததே இல்ல."

அடுத்த பில் நான் சத்தியம் செய்த மாதிரியே வந்தது. அதை நான் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒருவரும் அசையவில்லை. ஆனால் ஃபோர்மேன் பேனலுக்குக் கீழே உச்சி வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு குறட்டை விடுகிறார் என்ற செய்தி தானாகவே பரவியிருந்தது. பில்லும் அரசாங்க மானியமும் இருபக்கப் பேனலும் செய்யாததை அந்தக் குறட்டை செய்தது. "அவரே தூங்குறார்னா பயமில்ல" என்று அதே தெருவில் நாலு வீடு விழுந்தது. முதல் வீடு பக்கத்து வீட்டுக்காரி வீடுதான். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை: பேனலோடு இரண்டு மணல் வாளியும் வர வேண்டும். அது இல்லாமல் முழு செட் இல்லை என்கிறார்கள். கம்பெனிக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியாததால் வாளியை நானே வாங்கிக் கொடுக்கிறேன்.

இப்போது யாராவது சந்தேகம் கேட்டால் ஆல்பத்தைத் திறப்பதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மாமனார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். போன வாரம் அந்த அச்சங்குளத்துக் கணக்குப்பிள்ளையைக் கூட்டிப் போய், கதவை ஓசைப்படாமல் கொஞ்சமாகத் திறந்து காட்டினேன். பாயில் மாமனார் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். வாளியின் பிடியில் இருந்த கை எப்போதோ நழுவித் தரையில் கிடந்தது. கட்டிலில் கழுத்துவரை போர்த்தியிருந்த மாமியார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"பாத்தாச்சுல்ல மாப்ளை? கதவச் சாத்துங்க, குளிரு போகுது."